தோல் துண்டும் ஐந்து வோல்ட்டும்

நேற்று மகனின் செல்போன் சார்ஜர் புகைந்து போனது. தூக்கிப் போடச் சொன்னான். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, உடைத்துப் பார்த்தேன். உள்ளே கடுகளவு சிப். கருகிய வாசனை மூக்கில் ஏறியதும் எண்பதுகளின் ஆம்பூருக்குப் போய்விட்டேன்.

காட்பாடியில் டிப்ளமோ முடித்து, ஒரு தோல் தொழிற்சாலையின் மெயின்டனன்சில் சேர்ந்திருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். தோலின் பரப்பை அளக்கும் மெஷினில் ஒரு தொல்லை. பக்கத்து ஷெட்டில் பெரிய டிரம் சுற்றத் தொடங்கினால் பல்பெல்லாம் மங்கும், எல்லோரும் தலை தூக்கிப் பார்ப்போம், மெஷினின் சிவப்பு எண்கள் பூஜ்யமாகிவிடும். அதை ஓட்டிய சலீம் பாய், பாவம், முதல் தோலிலிருந்து மறுபடி அளப்பார்.

"நான் சரி பண்றேன் சார்" என்று வாய் விட்டேன். மேனேஜர் சிரித்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாரும்மா. ஆகலன்னா டைப்பிங் ரூம்ல சீட் காலியா இருக்கு."

மெட்ராசிலிருந்து ஒரே ஒரு சிப் வரவழைத்தேன். பதினாறு கால் பூச்சி. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதன் விவரத்தாளைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. மெஷினின் எண்களுக்கு ஐந்து வோல்ட் கொடுத்துவந்த பழைய ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தையெல்லாம் சூடாக்கியே வீணடிக்கும். அதன் மேல் தோசை சுடலாம். இதுவோ நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுவிட்சைப் போட்டு அணைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். கரண்ட் தாழ்ந்தால் சுவிட்சைக் கொஞ்சம் கூடுதல் நேரம் போட்டு வைக்கும், அவ்வளவுதான். என்ன சாமர்த்தியம்! காயிலுக்குக் கம்பி சுற்றிச் சுற்றி என் விரல் கன்றிப்போனது.

வெள்ளி காலை எல்லாவற்றையும் ஒரு போர்டில் கோத்து மெஷினின் இரும்புப் பெட்டிக்குள் மாட்டினேன். ஆணி அடித்தாற்போல் ஐந்து வோல்ட். மத்தியானம் எண்கள் மங்கி மங்கி அணைந்தன. "இன்னாம்மா, மறுபடி பேஜாரா?" என்றார் சலீம் பாய். டைப்பிங் ரூம் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. அழுகையை அடக்கிக்கொண்டு போர்டைப் பெட்டியிலிருந்து தூக்கினேன். மீட்டரில் ஐந்து வோல்ட்! வைத்தேன், இறங்கியது. தூக்கினேன், ஏறியது.

அடியில் நானே வைத்த தோல் துண்டு. எங்கள் ஊரில் ஆடும் மேசைக்கும் தோல்தான், அடித்துக்கொள்ளும் கதவுக்கும் தோல்தான். போர்டின் பின்பக்கம் இரும்புப் பெட்டியில் படக்கூடாதென்று, தரையில் கிடந்ததை வெட்டி வைத்திருந்தேன். அது, கெடாமலிருக்கப் போட்ட உப்பு இன்னும் போகாத தோல். ஷெட்டின் ஈரத்தைக் குடித்து வேர்த்திருந்தது. அந்த ஈரம் வழியே கசிந்த மின்சாரம், வோல்டேஜ் ஜாஸ்தி என்று சிப்பை ஏமாற்ற, அது குறைத்துக்கொண்டே போயிருக்கிறது. டிப்ளமோ படித்தவள் செய்கிற வேலையா இது!

போர்டைத் துடைத்து, டிபன் பாக்ஸைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை மடித்து அடியில் வைத்தேன். "டிரம்மைப் போடச் சொல்லுங்க பாய்."

டிரம் உறுமியது. பல்புகள் மங்கின. எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். நானும் சலீம் பாயும் மட்டும் எண்களைப் பார்த்தோம். அசையவில்லை. "நிக்குதும்மா! நிக்குது!" என்று அவர் போட்ட கூச்சலில் மேனேஜரே ஓடி வந்தார். நான் வெட்கமில்லாமல் குதித்தேன்.

டைப்பிங் ரூம் வாசலைக் கடைசி வரை நான் மிதிக்கவில்லை. இப்போது அந்தத் தொழிற்சாலையும் இல்லை, சலீம் பாயும் இல்லை. அங்கே வீட்டுமனைகள். போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். தெருவிளக்குகள் ஒரே சீராக எரிந்தன. ஒரு தடவையாவது மங்காதா என்று தலை தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.