ஈர மண்ணில் இறக்கிய செம்புக் கம்பி

மலாயாவில் வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலத்தின்போது எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் இரட்டை முள்கம்பி வேலி போட்டார்கள். சிரம்பானிலிருந்து லாரியில் ஒரு மின்சார எஞ்சின் வந்து இறங்கியது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்கள் வேலிக்கு வந்து அரிசி வாங்கக்கூடாது என்பதற்காக, பொழுது சாய்ந்ததும் வேலிக் கம்பங்களில் விளக்கு எரிய வேண்டும். பால் ஸ்டோரில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரை அந்த எஞ்சினுக்கு மாற்றினார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அதே ஸ்டோரில் ரப்பர் பால் தொட்டிகளில் எனக்கு வேலை.

எஞ்சினைப் பொருத்த வந்த வயர்மேன் ஒரு சீனர். எஞ்சினில் கசியும் மின்சாரம் ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் போய்விடும்படி, ஒரு செம்புக் கம்பியை ஆழமாக இறக்க வேண்டும் என்றார். எஞ்சின் கொட்டகை மேட்டில் இருந்தது. அங்கே எல்லாம் காய்ந்த கல்லு மண். “தானா பாசா, தானா பாசா” என்று வயர்மேன் கையை ஆட்டினார். ஈர மண்தான் வேண்டுமாம்.

வேலிக்குள் ஈர மண் ஒரே ஒரு மூலையில்தான் இருந்தது. லயத்துப் பச்சைப் பிள்ளைகளைப் புதைக்கும் பள்ளம் அது. எங்கள் மகளும் அங்கேதான் இருந்தாள். பதினோரு நாள் உயிரோடிருந்தவள்.

வேறு யாரையும் தொடவிடாமல் என் கணவரே குழி தோண்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் காலில் சேறோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

“எங்கங்க எறக்குனீங்க?”

“நம்ம புள்ளகிட்ட இருந்து ஏழெட்டு அடி தள்ளித்தான். அளந்துதான் எறக்குனேன்.”

“கரண்டுக்கு அடிக்கணக்கு தெரியுமா?”

அவர் காலிலிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினார்.

விளக்கு வந்ததில் லயமே பூரித்துப் போயிருந்தது. என்னால் மட்டும் அந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. தினமும் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டதும் மார்பு கனக்கும். பால் வற்றி வருஷம் ஒன்றாகியிருந்தது. ஆனாலும் கனக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம், தொட்டியில் ஊற்றிய பாலில் நுரை வழித்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாமலே பால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மறுபக்கம் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி என் காலில் வழிந்தது. தலை சுற்றுவதாக நினைத்துத் தொட்டியைப் பிடித்தேன். தொட்டியும் ஆடியது. தகரக் கூரை கடகடத்தது. பெண்களெல்லாம் அலறிக்கொண்டு வெளியே ஓடினோம். துளிக் காற்றில்லை, ரப்பர் மரங்களின் தலைகள் மட்டும் ஆடின.

மேட்டிலிருந்து எஞ்சின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பகலில் அதை ஓட்டுவதே கிடையாது. அன்று என் கணவர் பெல்ட் மாற்றிவிட்டுச் சரிபார்ப்பதற்காக ஓட்டியிருக்கிறார். அதன் அதிர்வில் அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை. நாங்கள் ஓடி வருவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“நிறுத்துண்ணே! மண்ணு ஆடுது, நிறுத்து!” என்று ஒருத்தி கத்தினாள்.

அவர் நிறுத்தினார். அதே நேரத்தில் நிலமும் நின்றது.

இரண்டு நாளில் லயம் முழுக்க ஒரே பேச்சு. புள்ளைகள் படுத்திருக்கும் மண்ணில் கரண்டை விட்டால் பூமி சும்மா இருக்குமா என்றார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் கிராணி, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, என் கணவரை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பத்திரிகையைக் காட்டினார்.

“இஞ்ச பார். சுமத்திராவில நிலம் நடுங்கியிருக்கு. அந்த ஆட்டம்தான் இஞ்ச வந்தது. உன்ர எஞ்சினுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“எத்தன மணிக்குன்னு போட்டிருக்காய்யா?”

“மத்தியானம் எண்டுதான் கிடக்கு.”

“நான் ஓட்டுனதும் மத்தியானந்தான்யா.”

இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். “அந்தக் கம்பியப் பிடுங்கிருங்க” என்றேன்.

“பிடுங்குனா எஞ்சினு ஆள அடிக்கும், புள்ள.”

அதற்குப் பிறகு மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.

நான்காம் நாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் கம்பியைப் பிடுங்கிவிட்டார். அன்று அந்தியில் எஞ்சினைக் கிளப்பி, ஈரக் கையோடு இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்கிறார். காவலுக்கு நின்ற மலாய்ப் போலிஸ்காரர் பலகையால் தள்ளிப் பிரித்திருக்காவிட்டால் அவர் பிழைத்திருக்க மாட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் கருகி மடங்கின. எங்கள் தலைக்கு மேல் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்க, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பிடுங்கிப் போட்ட கம்பியைப் பார்த்த போலிசார் வேறு மாதிரி நினைத்தார்கள். விளக்கைக் கெடுக்கக் காட்டிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே அவரைக் கொண்டுபோனார்கள். நான் கிராணியிடம் ஓடி, கம்பி, குழந்தை, நான் பேசாமலிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதை நான் அவங்களுக்கு எப்படிச் சொல்லுறது, பிள்ளை?” என்றார். ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். என்ன சொன்னாரோ தெரியாது, ஒன்பதாம் நாள் என் கணவரை விட்டுவிட்டார்கள்.

“யாரு சொன்னா, யாரு சொன்னான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தானுங்க” என்றார் என் கணவர். “யாரும் சொல்லலன்னேன்.”

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எஞ்சினுக்கு வேறு ஆள் வந்தான். கம்பியை மறுபடி அதே பள்ளத்தில் அடித்தார்கள். இம்முறை யாரும் அளக்கவில்லை.

பிறகு எங்களுக்கு இன்னொரு மகள் பிறந்தாள், படித்து அறிவியல் ஆசிரியையானாள். சிரம்பான் லோபாக்கில் அவளோடுதான் இருந்தோம். மண்ணில் கரண்டை விட்டால் நிலம் ஆடுமா என்று ஒரு முறை அவளிடம் கேட்டேன். வெளிநாட்டில் பூமிக்குள் பெரிய அளவில் மின்சாரம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதனால் சின்னச் சின்ன அதிர்வுகள் கூடியதாகச் சிலர் சொல்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை என்றாள். “ஆனா ஒரு லைட் எஞ்சினெல்லாம் ஒன்னும் செய்யாதும்மா, சும்மா இருலா” என்றாள். அவர் பக்கத்தில்தான் இருந்தார். முடிவாகவில்லை என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு பகலில் லோபாக் வீடு ஆடியது. அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தன. அக்கம்பக்கத்தார் ரோட்டுக்கு ஓடினார்கள். அவர் ஓடவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, மெயின் சுவிட்சை இழுத்து அணைத்து, விரல் மடங்கிய அந்த வலது கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

“நின்னுருச்சா?” என்று கேட்டார்.

“நின்னுருச்சுங்க” என்றேன். நிலத்தை நான் கவனிக்கவே இல்லை.