பாதி முடியோடு போன கல்யாணம்

போன ரம்ஜான் முடிந்து, கல்யாணங்கள் வரிசையாக வந்த சமயம். கோவிலம்பாக்கத்தில் நடந்தது இது.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் ஓட்டல், லாரியில் கிளீனர், பள்ளிக்கரணையில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டது என்று எங்கேயும் நிலைத்து இருந்ததில்லை. ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் யாரிடமும் சொல்ல மாட்டேன். மறுநாள் போக மாட்டேன், அவ்வளவுதான். அப்படிச் சுற்றிச் சுற்றி ஒரு நாள் பள்ளி வேன் ஓட்ட வந்து சேர்ந்தேன்.

பள்ளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வீட்டின் கீழ்த்தளம். பேச்சு வராத, நடை தாமதமான, கூட்டத்தைக் கண்டால் மிரளுகிற மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். ஒரு மிஸ், ஓர் ஆயாம்மா. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நான் வேனிலேயே படுத்துவிடுவேன். மிஸ்ஸுக்கு அது பொறுக்கவில்லை. "சும்மாதானே படுத்திருக்கீங்கண்ணா, உள்ள வந்து சோறு ஊட்டுங்க" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து பாதி டிரைவர், பாதி வாத்தியார்.

அங்கே எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடக் கற்றுக்கொள்ள ஒரு பெண் குழந்தைக்கு மழைக்காலம் முழுதும் ஆனது. அது திருகி முடித்த அன்று நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். உடனே அது மூடியைக் கழற்றி என் மடியில் தண்ணீரைக் கொட்டியது. இரண்டு வேலையையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டது என்று ஆயாம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் சொல்ல வந்தது ஒரு பையனைப் பற்றி. நாலு வயது. அவனுடைய அத்தா, அதாவது அப்பா, பல்லாவரம் பக்கம் பைகள் விற்கும் கடை வைத்திருக்கிறார். பையனுக்குப் பேச்சு வரவில்லை. பிடிக்காதது எது நடந்தாலும் கடிப்பான். என் இடது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வலிக்கத்தான் செய்யும். லாரி டயர் காலில் விழுந்தபோது இதைவிட வலித்தது.

அவனுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது 'போதும்' என்கிற வார்த்தைதான் என்று மிஸ் முடிவு செய்தார். பந்தியில் பரிமாற வரும்போது இலைக்கு மேல் உள்ளங்கையைக் காட்டி மறிப்போமே, அந்தச் சைகை. பாட்டோ பந்தோ சோறோ, அவன் கை காட்டினால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். பந்தியில் நாம் செய்வது போல, கை காட்டிய பிறகும் அன்பாக இன்னொரு கரண்டி வைக்கக் கூடாது. இதுதான் வகுப்பின் சட்டம்.

நான் வைத்தேன். தயிர் சாதம், கடைசி வாய். அவன் தட்டுக்கு மேல் கை வைத்துவிட்டான். ஒரு வாய்தானே என்று அந்தக் கைக்கு அடியிலேயே கரண்டியை நுழைத்தேன். கடித்துவிட்டான். மிஸ் அவனைத் திட்டவில்லை. "கை காட்டினானா இல்லையா? அதையும் நீங்க கேக்கலைன்னா அவன்கிட்ட மிச்சம் இருக்கறது பல்லுதானே அண்ணா" என்றார்.

அதற்குப் பிறகு நானும் தவறவில்லை. கடி குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. கையோடு சேர்த்து "போம்" என்று ஒரு சத்தமும் வந்தது. அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நான் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அவனுடைய அத்தா வந்தார். முகம் சரியில்லை. "குளிக்க வெச்சா கை காட்டறான், சட்டை போட்டா கை காட்டறான். வந்தவங்க முன்னாடி மானம் போவுது மிஸ். நல்லா திமிர் கத்துக் குடுத்திருக்காங்கன்னு சொல்றாங்க. தங்கச்சி நிக்காஹ் முடியட்டும், இவனை நிறுத்திக்கறேன்."

மிஸ் நிதானமாகத்தான் பேசினார். பல்லால் சொன்னதை இப்போது கையால் சொல்கிறான். அதையும் யாரும் கேட்கவில்லை என்றால் பழையபடி பல்லுக்கே போய்விடுவான் என்றார். அத்தா அப்போது மகனுக்கு முடி வெட்டுவதைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கால் இரண்டையும் பிடிப்பவர் அவர்தான். வெட்டி முடித்த பிறகு பல நாள் பையன் அவர் பக்கத்திலேயே வர மாட்டானாம். கல்யாணத்துக்காக மறுபடியும் வெட்டியாக வேண்டும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றார்.

இந்த ஒரு தடவை பிடிக்காமல் வெட்டிப் பார்ப்போம் என்றேன் நான். எனக்கு ஒரு நண்பன் பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருக்கிறான். அவனிடம் எங்கள் சட்டத்தைச் சொல்லி வைத்தேன். "கொயந்த கை காட்னா நிறுத்தணுமா? சரிதான், இன்னிக்கு அவுருதான் ஓனரு" என்றான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், கடை காலியாக இருந்த நேரத்தில் போனோம். பையன் அத்தா மடியில் உட்கார்ந்தான். மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும். இரண்டு வெட்டு விழுந்ததும் கை எழுந்தது. நண்பன் கத்தரியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். பையன் கண்ணாடியில் நண்பனையே பார்த்தான். நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கையை இறக்கினான். மறுபடி இரண்டு வெட்டு, மறுபடி கை. இப்படியே வலது பக்கம் முழுதும் முடிந்தது.

அப்போது "போம்" என்று சொல்லி மடியிலிருந்து இறங்கிவிட்டான்.

"மச்சான், ஒரே நிமிசம் புட்ச்சுக்கோ, முட்ச்சிர்றேன்" என்றான் நண்பன். உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் நினைத்தேன். விடிந்தால் கல்யாணம். அத்தாவின் கை பையன் தோள் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"வேணாம் தம்பி, விட்ருங்க."

"இன்னா பாய், பாதி தல அப்டியே கீது."

"கெடக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் பையன் அவர் முன்னால் போய் நின்று, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினான். முடிவெட்டிய நாளில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. அவர் தூக்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மண்டபத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பையன் ஷெர்வானியில் ஜம்மென்று இருந்தான். தலைமுடி மட்டும் ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறுபக்கம் காது மறையத் தொங்கியது. தொப்பி போட்டு மறைக்கப் பார்த்த பெரிய அத்தைக்கும் கை காட்டிவிட்டானாம். யாரோ உறவினர், "இன்னா பாய், கடைக்காரனுக்குப் பாதி துட்டுதான் குடுத்தீங்களா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "மீதி அவரு எப்ப சொல்றாரோ அப்ப" என்று மகனைக் காட்டினார் அத்தா. குரலில் கூச்சமே இல்லை.

சாப்பாட்டில் நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பிரியாணி. பையனுடைய தாய்மாமன் பரிமாறும் தட்டோடு வந்தார். பையன் போதுமான அளவு சாப்பிட்டுவிட்டுத் தட்டுக்கு மேல் கை வைத்தான். "மாமாவுக்காக ஒரே ஒரு வாய்டா" என்று கரண்டி இறங்கியது. என் கைத் தழும்பு ஒரு தரம் துடித்தது போல இருந்தது. அதற்குள் அத்தா, மகன் கைக்கு மேல் தன் கையைக் குடை மாதிரி விரித்தார். சூடான சோறு அவர் புறங்கையில் விழுந்தது. அவர் உதறவில்லை.

"மச்சான், அவன் போதும்னு சொல்லிட்டான்."

மாமன் குனிந்து, "சரிடா தம்பி, போதும்" என்று பையனிடமே சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மீதி முடியை இரண்டு வாரம் கழித்து, கைகூடக் காட்டாமல் உட்கார்ந்து வெட்டிக்கொண்டான். பள்ளியை விட்டு அவனை நிறுத்தவில்லை. இப்போதும் என் வேனில் முன் சீட்டுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறான். எத்தனையோ இடங்களை விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனவன் நான். நாலு வயதில் 'போதும்' என்று சொல்லி, சொன்னதும் நிறுத்திக்கொள்கிற ஒரு வீட்டையும் சம்பாதித்துவிட்ட அவன் இந்தப் பள்ளியில் இருக்கும் வரை, இந்த வேலையை விட்டுப் போகிற எண்ணம் எனக்கு இல்லை.