நைனாவின் வாடகைக் கோட்டு

பனிமலை பார்க்கப் போகிறோம் என்று மாமா சொன்ன அன்று, வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஒருவர்தான். அவர் காசிமேட்டில் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தார். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, தகர டப்பாவில் உறைந்த ஐஸ் பாரைத் தட்டி எடுத்து, ஈரச் சாக்கு போட்ட வலது தோளில் ஏற்றி, படகுகளுக்குப் போகும் வண்டியில் அடுக்க வேண்டும்.

"ஐஸ் பாக்க டெல்லிக்கு ரயிலேறணுமா? காலைல என்கூட வா, ஆச தீர காட்றேன்" என்றார்.

நான் அப்போது ஆறாவது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இமயமலையைப் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியவள். ஆகவே அந்த மலைக்கு நான்தான் பொறுப்பு என்ற நினைப்பில் இருந்தேன். நைனா வராவிட்டால் நானும் இல்லை என்று சாப்பிடாமல் கிடந்தேன். வந்தார்.

நல்ல ஜனவரிக் குளிர். இமாச்சலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். கீழே பாதாளத்தில் பச்சையாக ஓர் ஆறு. மேலே, கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டிய பாறைகள். ஒவ்வொரு வளைவிலும் அம்மா மாதாவைக் கூப்பிட்டாள். ஓரிடத்தில் ஓர் அருவி விழுகிற வாக்கிலேயே உறைந்து நின்றது. பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. நைனா மட்டும் எட்டிப் பார்த்து, "டப்பாலேர்ந்து தட்டி எடுக்காம வுட்டுட்டானுங்க" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

பனிச்சரிவுக்குக் கீழே கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கொடுத்தார்கள். நைனா பூட்ஸைத் தொடவில்லை. "லீவுலயும் இதையா மாட்டிக்கினு நிக்கணும்?" செருப்போடேயே நின்றார். கோட்டை மட்டும் என் முகத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அது வலது பக்கம் தொங்கியது. பட்டன்களைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். அப்போதும் தொங்கியது. வேறு கோட்டு வாங்கி மாட்டினேன், அதுவும் வலது பக்கமே சரிந்தது. எங்களுக்கு மட்டும் கோணல் கோட்டாகப் பொறுக்கிக் கொடுக்கிறார் என்று கடைக்காரரிடம் இந்தியில் சண்டை போட்டேன். எனக்குத் தெரிந்த இந்தி, பத்துவரை எண்ணுவது.

சரிவில் மற்ற அப்பாக்கள் பிள்ளைகள்மேல் பனியை வாரி எறிந்துகொண்டிருந்தார்கள். நைனா தார்ரோட்டின் ஓரத்தைத் தாண்டவில்லை.

"இன்னா மாமா, ஐஸுன்னா பயமா?" என்று அம்மாவின் தம்பியான எங்கள் மாமா அவரைச் சீண்டினார்.

"பயம் இன்னாடா பயம். தெனம் இது மூஞ்சிலதான முழிக்கிறேன்."

"நீ வர்லன்னா நானும் வெளையாட மாட்டேன், நைனா" என்று சொல்லி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவரோடு பனியில் விளையாடத்தான் அவரை அவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பனி மிதிபடும் சத்தம் கேட்டது. திரும்பினால், நைனா செருப்புக் காலோடு சரிவின் நடுவுக்குப் போய்விட்டிருந்தார். சுற்றிலும் வானம் முட்ட நின்ற வெள்ளையைப் பார்த்தார். குனிந்து ஒரு கை அள்ளினார், கீழே போட்டார். பிறகு கைகளை விரித்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டார்.

அம்மா பதறி ஓடினாள். "இன்னாய்யா ஆச்சு?"

"ஒன்னியும் ஆவல." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இம்மாம் ஐஸு கெடக்குது பாரு. யாரும் தூக்க வேணாம்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். நான் இரண்டு கையாலும் பனியை வாரி நைனாவின் மார்மேல் கொட்டினேன். அவர் எழுந்திருக்காமல் என்மேல் திருப்பி எறிந்தார்.

அப்படிப் படுத்திருந்தபோது கோட்டு இரண்டு தோளிலும் சமமாக, அவருக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. பாவம், அந்தக் கடைக்காரரிடம் வீணாகச் சண்டை போட்டோமே, நல்ல கோட்டுதான் என்று நினைத்துக்கொண்டேன்.