வெள்ளைத் தொப்பியோடு வந்த நாள்

காசநோய் மருந்தகத்து நர்ஸ் பெர்சிதா, ரொட்டிக்கடை முனை வந்ததும் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் காய்கறிப் பைக்குள் வைத்துக்கொள்வார். அதன் பிறகுதான் முற்றத்துக்குள் கால் வைப்பார். யாராவது கேட்டால், துணி தைக்கக் கொடுக்க வந்தேன் என்பார். அது பொய்யாகிவிடக் கூடாதென்று அங்கே குடியிருந்த ஸ்தாமேனாவிடம் ஒரு பாவாடையை ஓரம் அடிக்கக் கொடுத்தும் வைத்திருந்தார். தொப்பியை யாருக்காகக் கழற்றுகிறார் என்று ஸ்தாமேனாவுக்குப் புரியவே வெகுநாள் ஆயிற்று.

பெல்கிரேடில் சுபுராப் பக்கம் அப்படித்தான். ஒரு முற்றம், சுற்றிலும் வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய். ஒரு வீட்டில் சயரோகம் என்று தெரிந்தால் அந்த வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஸ்தாமேனாவின் கணவர் மிலுனுக்கு அந்த நோய்தான். செருப்பு தைப்பவர். அவருக்குத் தனித் தட்டு, மூடி போட்ட எச்சில் புட்டி. கரண்டிகளைக் கொதிக்க வைக்க வேண்டும். பனி கொட்டினாலும் ஜன்னலைச் சாத்தக் கூடாது.

"நோய் சாகுதோ இல்லையோ, நான் விறைச்சுச் செத்துடுவேன் சிஸ்டர்" என்பார் மிலுன்.

"செத்தா எனக்கு ஒரு வீட்டு நடை மிச்சம். போர்வையை இழுத்துப் போர்த்துங்க."

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான். இலையுதிர்காலத்தில் ஒருநாள் குழாயடியில் மிலுன் இரத்தமாக இருமினார். முற்றத்துக்கே தெரிந்துபோயிற்று.

டிசம்பரில் அவர்கள் குடும்பத்துப் புனிதரான நிக்கோலாஸின் நாள் வந்தது. அன்றைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. வேண்டியவர்கள் தாங்களாகவே வருவார்கள். ஒருவரும் வராவிட்டால் அதைவிட அவமானம் ஒரு வீட்டுக்குக் கிடையாது.

"அப்பா காலத்துல நிக்க இடமிருக்காது. இந்த வருஷம் நாம ரெண்டு பேர்தானா?" என்றார் மிலுன். அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டா என்பதை இருவரும் பேசவில்லை.

பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டுப் போனார். மத்தியானம் கடந்தது. வருகிறவர்கள் ஆளுக்கொரு கரண்டி எடுத்துச் சாப்பிட வேண்டிய, வாதுமை கலந்த கோதுமைப் பண்டத்தின் மேல் சர்க்கரையால் வரைந்த சிலுவை கலையாமல் இருந்தது. கொதிக்க வைத்த கரண்டிகள் கண்ணாடித் தம்ளரில் அப்படியே நின்றன.

குழாயடியில் பக்கத்து வீட்டுக் கோசாராவின் குரல் கேட்டது. "மிலுன் வீட்டுக் கோதுமையா? நான் இன்னும் ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் கொடுக்கணும்மா."

அப்போதுதான் பெர்சிதா வந்தார். தலையில் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி.

ஸ்தாமேனா பதறி ஓடினாள். "சிஸ்டர், தொப்பி..."

"தெரியும்டி. இன்னைக்கு அது வேணும். பாத்திரத்தை வாசலுக்கே எடுத்துட்டு வா."

எல்லாரும் பார்க்க வாசல்படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு கரண்டி நிறைய எடுத்து நிதானமாக மென்று தின்றார்.

"பயமா இல்லையா சிஸ்டர்?" என்றாள் கோசாரா.

"இந்த வீட்டுக் கரண்டியெல்லாம் கொதிக்க வெச்சது. நீ எப்பவாவது கொதிக்க வெச்சிருக்கியா? உன் வாய் தெருக்கோடி வரைக்கும் போகுது, கால் மட்டும் இந்த வாசலைத் தாண்ட மாட்டேங்குதே."

முற்றம் சிரித்தது. கோசாரா கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

விருந்தாளி இருக்கும்வரை வீட்டுக்காரர் உட்காரக் கூடாது என்பது அந்த நாளின் முறை. மிலுன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, திறந்த ஜன்னலோரச் சுவரில் சாய்ந்து கடைசிவரை நின்றார். உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்த பெர்சிதா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே இருந்துவிட்டார். அந்த முகம் இன்னும் ஸ்தாமேனாவின் கண்ணுக்குள் இருக்கிறது.

அடுத்த டிசம்பரைப் பார்க்க மிலுன் இல்லை. ஆண்டவர் சித்தம். ஆனாலும் ஸ்தாமேனா அந்த நாளை விடவில்லை. வீடு நிறைய ஆள் வந்தது.

பெர்சிதாவுக்கு நிஷ் நகரத்துக்கு மாற்றல் ஆயிற்று. சொல்லிக்கொண்டு போக வந்தவரிடம், இத்தனை நாளும் ஓரம் அடிக்காமலே கிடந்த பாவாடையை ஸ்தாமேனா வெட்கத்தோடு எடுத்து நீட்டினாள். பெர்சிதா அதை அவள் கையிலேயே மடித்து வைத்தார்.

"இங்கயே கிடக்கட்டும்டி. திரும்பி வர ஒரு சாக்கு வேணாமா? நிக்கோலாஸ் நாளைக்கு எனக்கும் சேர்த்து ஒரு கரண்டி கொதிக்க வை."