வீட்டுக்காரர் பேரு என்னம்மா?

மலேசியாவின் யோங் பெங்கில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிய சதாசிவத்திடம் மகள் லோஷினி என்ன படித்தாள் என்று கேட்டால், "கேள்வி கேட்டுக் கேட்டு என் மண்டையக் குடைஞ்ச புள்ள. இப்ப ஊரு மண்டையக் குடையுது" என்பார்.

குடையக் கற்றது லேசில் இல்லை. மணிப்பாலில் மருத்துவம், எடின்பரோவில் மூளை அறுவை, ஓசாக்காவில் மேற்பயிற்சி. எடின்பரோ குளிரில் உடம்பெல்லாம் நடுங்கியது, கத்தி பிடித்த கை மட்டும் நடுங்கவில்லை. ஓசாக்காப் பேராசிரியர் பேசியதில் பாதி புரியாமலே தலையாட்டினாள். அவர் கை செய்ததை மட்டும் பார்த்துத் திருடிக்கொண்டாள். ஜொகூர் பாருவுக்குத் திரும்பியபோது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் அவளோடு விமானம் ஏறி வந்திருந்தது.

அந்த நினைப்புக்கு வேட்டு வைத்தவர் சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரர் வெள்ளையம்மா. பள்ளிக் கேன்டீன் நடத்துபவர், வாய் ஓயாதவர். மூளையில் பேச்சுப் பகுதியை ஒட்டியே கட்டி. விட்டுவைத்தால் வளரும், தப்பாக வெட்டினால் அந்த வாய் நிரந்தரமாக அடைத்துப்போகும். ஆகவே ஆளை விழிக்க வைத்து, பேசவிட்டுக்கொண்டே வெட்ட வேண்டும்.

"பேச்சு கொஞ்சம் கொறைஞ்சா பரவால்ல டாக்டர்," என்று கணவர் காசி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மண்டையோட்டைத் திறந்தாயிற்று. பேச்சுப் பயிற்சியாளர் ரூபினி பக்கத்தில் உட்கார்ந்து படம் காட்டினாள். பூனை, வாழைப்பழம் எல்லாம் சரியாக வந்தன. குடைக்கு மலாயில் "பாயோங்" என்று பதில் வந்தது. ஜொகூரில் அதுவும் தமிழ்தான் என்று விட்டுவிட்டார்கள்.

பெரும்பகுதியை வெட்டியெடுத்தபின் மிச்சமிருந்த கட்டித் துண்டின் மேல் லோஷினி மெல்லிய மின்முனையை வைத்தாள். மின்சாரம் பட்டுப் பேச்சு நின்றால் அந்த இடத்தை வெட்டக்கூடாது.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றாள் ரூபினி.

பதில் இல்லை. லோஷினி மின்முனையை எடுத்தாள். ரூபினி மறுபடி கேட்டாள். அப்போதும் பதில் இல்லை.

பேச்சு போயே போய்விட்டது, பறித்தது தன் கைதான் என்று லோஷினி நினைத்தாள்.

"அம்மா! பேச்சு வரலியா?"

"அலமாக், நல்லா வருது டாக்டர்! புருசன் பேர எப்படி வாயால சொல்றது? கங்கை ஓடுற ஊரு இருக்குல்ல, போனா பாவம் தொலையும்பாங்க, அதான் லா!"

அறையே சிரித்தது. லோஷினி முகக்கவசத்துக்குள் அசடு வழிந்தாள். அவள் அம்மாவுக்கும் அப்பா என்றைக்கும் 'இந்தாங்க'தானே! மறுபடி மின்முனையை வைத்து, யானைப் படம் காட்டச் சொன்னாள். "ஆனை" என்று கணீரென்று வந்தது. அந்தத் துண்டையும் எடுத்துவிட்டாள்.

மறுநாள் காசி கஞ்சியோடு வந்தார். வெள்ளையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காசி" என்றார்.

"டாக்டர், ஓடி வாங்க! மண்டைல ஏதோ ஆயிடுச்சு, பேர் சொல்லிக் கூப்புடுறா!"

லோஷினி ஓடி வந்தாள்.

"ஒண்ணும் ஆவல டாக்டர்," என்றார் வெள்ளையம்மா. "நேத்து உங்க கொரல் நடுங்குச்சு. அதக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. வாயடைச்சுப் போயிருந்தா, இவரு பேர ஒரு தடவகூட சொல்லாமயே போயிருப்பேனே?"

ஏதோ சொல்லக் காசி வாயைத் திறந்தார். அவருக்குத்தான் பேச்சு வரவில்லை.