"படிக்கிறார்" என்று பதிந்த வீடு

கேள்வி கேட்பதற்கு முன் அமலா அக்கா செருப்பைக் கழற்றிவிடுவார். வாசற்படிக்கு வெளியே, மண்ணிலேயே. உள்ளே போகப்போவதில்லை, நின்றபடிதான் கேட்பார். கழற்றியதைக் காலாலேயே ஜோடி சேர்த்துத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார். மண் சுட்டால் ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றை ஏற்றிக்கொள்வார். செருப்போடு நிற்பவரிடம் யாரும் பிள்ளைகளைப் பற்றி உண்மை சொல்வதில்லை என்பது அவர் எண்ணம்.

சிங்கவரத்துக்காரர். செஞ்சிப் பக்கம் எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள். கழிப்பறை, கறவை மாடு, கொசு எல்லாம் எடுத்திருக்கிறார். போன வருடம் வந்தது வேறு. ப்ளஸ் டூ முடித்தவர்களில் யார் கல்லூரியில் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் யார் நடுவில் நின்றார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் போனில் பதிய வேண்டும். நானும் அந்த வேலையில் இருந்தேன். அக்கா என் வண்டியில்தான் வருவார். "நின்றவர்" என்று பதிந்தால் கல்லூரியே கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்ளும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அக்கா நம்பவில்லை.

"மாட்டக் கூடத்தான் எண்ணிட்டு வந்தோம் தம்பி. எவனாவது வந்து ஒரு ஊசி போட்டானா?"

தொண்டூரில் தனகோட்டி வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாவின் மகள் வெண்மதி, அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்ததும், பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் நின்றவள். செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தாள். அக்கா அவளை அங்கே பார்த்திருக்கிறார்.

அன்று வாசலில் நாற்காலி போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெண்மதியைப் பெண் கேட்டு அவலூர்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை. எங்களைப் பார்த்ததும் எதிர்வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். இந்தக் கேள்விகளைத் தெருவின் காதில் விழும்படிதான் கேட்க வேண்டியிருக்கும்.

"வெண்மதி இப்ப இன்னா பண்ணுது?" என்றார் அக்கா.

"படிச்சிக்கினு இருக்குது. கடைசி வருஷம்," என்றார் தனகோட்டி.

எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "காலேஜ் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வுடுவாங்களா?"

"ஸ்பெஷல் கிளாஸுடி. உன் புள்ள மாதிரி கட் அடிச்சிட்டு சினிமாவுக்கா போவுது?"

அத்தை காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெண்மதி கதவருகே வந்தாள்.

"அக்கா, நான்..."

"உள்ள போ. அடுப்புல பால் இருக்குது," என்றார் தனகோட்டி.

அமலா அக்கா ஒருமுறை அத்தையைப் பார்த்தார். பிறகு போனில் "படிக்கிறார்" என்பதை அழுத்தினார்.

வண்டியில் ஏறியதும் அவரே சொன்னார்: "நாம எதப் போட்டாலும் எவனும் வரப்போறதில்ல தம்பி. கண்ணாலமாவது நடக்கட்டும்."

ஆனால் இந்த முறை வந்தார்கள். ஆடியில், நின்றவர்களுக்குக் கல்லூரியிலிருந்து போன் வரத் தொடங்கியது. சிங்கவரத்தில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த முருகையன் இரண்டாம் வருடத்தில் போய் உட்கார்ந்தான். வெண்மதி, அமலா அக்காவின் வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஏங்கா போன் வரல?"

அக்கா மறைக்கவில்லை. மறுநாளே அவளைக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். "படிக்கிற பொண்ணுன்னு பதிவாயிருக்கு. படிக்கிறவங்கள எப்படிம்மா திரும்பச் சேக்கறது?" என்றார்கள். திருத்தும் தேதி முடிந்திருந்தது. தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். விழுப்புரம் வரை அலைந்தார். இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்பு எதற்கும் அவர் போகவில்லை. கடலை மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

தை மாதம் வெண்மதிக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா வரவில்லை. பந்தியில் என் பக்கத்தில் அந்த அவலூர்பேட்டை அத்தை உட்கார்ந்திருந்தார். பொண்ணு டிகிரி முடித்துவிட்டதா என்று அவரிடம் யாரோ கேட்டார்கள்.

"எங்க முடிச்சிது? அது பாதியில நின்னது எனக்கு அப்பவே தெரியும்," என்றார் சோற்றைப் பிசைந்தபடி. "அந்தக் கடையில எனக்கே எத்தினி தபா பொடவ எடுத்துக் காட்டியிருக்குது. அந்தப் பொறுமையப் பாத்துத்தான் பொண்ணே கேட்டுப் போனோம்."