மூன்றடி குறைத்த அறை

சுண்ணாம்புப் பொடியால் மண்ணில் போட்ட கோடுகளாகத்தான் எங்கள் வீட்டை முதன்முதலில் பார்த்தேன். நான்கு மூலையிலும் குற்றி அடித்துக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே அறைகளைப் பிரித்து வெள்ளைக் கோடுகள், வாசல் வரும் இடங்களில் மட்டும் இடைவெளி. நான் ஹாலிலிருந்து அடுக்களைக்கும், அங்கிருந்து படுக்கையறைக்கும் சுவர்களை மிதித்துக்கொண்டே நடந்தேன். அக்கா அப்படிச் செய்யவில்லை. சேலைக் கரை கோட்டை அழித்துவிடாதபடி சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்வாசலில் நுழைந்து, ஹாலைக் கடந்து, ஒவ்வொரு அறைக்கும் அதன் வாசல் வழியாகவே போனாள். இல்லாத கதவுகளுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த ஒருத்தியை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

கட்டிட வரைபட அனுமதிப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். வடதிசைக் குறி இல்லை என்று திருப்பி அனுப்புவேன். கழிவுநீர்க் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி போதாது என்பேன். படுக்கையறைக்கு வெளிச்சமும் காற்றும் போதாது என்று சிவப்பு மையில் எழுதிய ஓலைகளை அடுக்கினால் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரமே போடலாம். மனையடி சாஸ்திரம் பேசிக்கொண்டு வருகிறவர்களிடம், "உங்க ஆசாரி ஒப்பு போட்டா நான் அனுமதி தந்திருவேன், போய் வாங்கிட்டு வாருங்க" என்று சொல்வது எனக்கு வழக்கம். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காமல் வேறு என்ன செய்ய, கோப்பு என் மேசையில் அல்லவா இருந்தது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷம் அத்தான் இறந்துபோனார். புகுந்த வீட்டார் அவளையும், அவளோடு சீராகப் போன அயனி மரக் கட்டிலையும் ஒரே வண்டியில் எங்கள் ஊரான கொட்டாரத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்து, ஓய்வுபெறும் வரை அங்கேதான் இருந்தாள். என் இரண்டு பெண்களும் நடை பழகியது அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான். சொத்து பெண்வழியில் போகும் மருமக்கள்வழி இருந்த காலமாக இருந்தால் வீடு அவள் பக்கம் நின்றிருக்கும், நான்தான் அவளிடம் போய் ஒண்டிக்கொள்ள இடம் கேட்டிருக்க வேண்டும். அது ஒழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இப்போதைய சட்டப்படி பழைய வீட்டில் ஆளுக்குப் பாதி. இடித்துக் கட்ட மனை ஒரே பெயரில் இருந்தால் வசதி என்று நான்தான் சொன்னேன், அவள் பங்கை எனக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தையும் நானே எழுதினேன். ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை என்று ஒரு வரி சேர்க்கலாம், அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். சேர்க்கவில்லை. "எனக்கு ஒரு முறி உண்டுல்லா மக்கா?" என்று மட்டும் கேட்டாள். அறை உண்டு என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு அறை வைத்தேன், அதை மறைக்கவில்லை. வரைபடத்தை நானே வரைந்தேன். மேற்கு ஓரமாக மூன்று அறைகள் ஒரே வரிசை. முன்னால் ஹால், நடுவில் எங்கள் படுக்கையறை, பின்னால் அக்காவின் அறை. ஒன்பதுக்கு ஒன்பது. கட்டில் போட்டது போக அவளுடைய தையல் மெஷினுக்கு ஜன்னலோரம் இடம் இருந்தது. அக்கா அந்தத் தாளை இரண்டு நாள் தன்னிடம் வைத்திருந்தாள். துணி வெட்டிப் பழகியவளுக்குத் தாளில் இருக்கும் கோடு உடம்பில் எப்படி உட்காரும் என்று தெரியும். திருப்பிக் கொடுக்கும்போது, "கொள்ளாம்" என்றாள். அவள் வாயால் அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

குற்றி அடிக்கும் நாளில் என் மனைவி ஆசாரியை வரவழைத்தாள். நான் தடுக்கவில்லை. மற்றவர்கள் வீட்டு ஆசாரியைக் கிண்டல் செய்வது வேறு, தன் வீட்டுக்கு வந்த ஆசாரியைத் திருப்பி அனுப்புவது வேறு. அவர் வரைபடத்தைப் பார்த்து, சுற்றளவைக் கோலும் விரலுமாக மாற்றி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எங்கள் பக்கத்துக் கணக்கில் வீட்டின் சுற்றளவுக்கு ஒரு வயது உண்டு. குழந்தை, குமரன், இளமை, முதுமை, மரணம் என்று ஐந்து. இளமையில் வந்தால் விசேஷம். எங்கள் வீடு மரணத்தில் வந்து நின்றது. ஆசாரி அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, நோட்டில் விரலை வைத்துக் காட்டினார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீளத்துல மூணடி குறைச்சா இளமைக்கு வந்திரும் சார்" என்றார் ஆசாரி. "எதுல குறைக்கணும்ணு நீங்கதான் சொல்லணும்."

அக்கா அப்போது அங்கே இல்லை. எல்லோருக்கும் சாயா வாங்கிவர பிளாஸ்க்கோடு ஜங்ஷனுக்குப் போயிருந்தாள்.

"ஹாலைக் குறைக்காண்டாம், கேட்டேளா" என்றாள் மனைவி. "நாலு பேரு வந்தா இருக்கண்டாமா? பிள்ளைகளுக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்க. நம்ம முறியிலயும் முடியாது, பீரோ ரெண்டு கெடக்கு."

அவள் சொன்னது தப்பில்லை. அவள் அக்காவின் அறையைக் குறைக்கச் சொல்லவுமில்லை. மூன்றில் இரண்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதை என்னிடம் விட்டுவைத்தாள். அலுவலகத்தில் எனக்குக் கீழே இருந்தவர்கள் எழுதும் குறிப்புகள் இப்படித்தான் இருக்கும்: முடிவு தெளிவாகத் தெரியும், எழுதியவர் கை மட்டும் அதில் இருக்காது. நான் கையை நீட்டிப் பின்பக்கத்தைக் காட்டினேன். ஆசாரி அங்கிருந்த இரண்டு குற்றிகளையும் பிடுங்கி மூன்றடி உள்ளே அடித்தார். அந்த மண்ணில் ஈரம் இருந்தது, சுத்தியலின் இரண்டே தட்டில் இறங்கிவிட்டன.

அக்கா திரும்பி வந்து எல்லோருக்கும் சாயா ஊற்றினாள். பிறகுதான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த நடை. கடைசியாகத் தன் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். பைக்குள்ளிருந்து தையல் டேப்பை எடுத்துக் குனிந்து நீளம், அகலம் பார்த்தாள். கட்டிலின் அளவு அவளுக்குப் பார்க்காமலே தெரியும். அந்த அளவுக்கு விரலால் மண்ணில் ஒரு கட்டம் போட்டாள்.

"மக்கா, இதுல கட்டில் போட்டா கதவு பாதிதான் தெறக்கும்."

"கதவை வெளிய தெறக்க மாதிரி வச்சிரலாம் அக்கா."

"மெஷினு?"

"அது ஹால்ல ஒரு ஓரமா கெடக்கட்டும்."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி ஆசாரியைப் பார்த்தாள். ஆசாரி, பாவம், கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

"எதுக்கு குறைச்சது?" என்று அக்கா கேட்டாள்.

"சுத்தளவு மரணத்துல வந்துது அம்மா" என்றார் அவர்.

"அது செரி" என்றாள் அக்கா. "அதை என் முறிக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு, இல்லியா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். போகும்போதும் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாள்.

அதன்பிறகு நான் செய்ததுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. குறைத்த அளவுக்கு அது படுக்கையறையாகத் தேறாது. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையில் திருப்பியிருப்பேன். ஆனால் பெயரை மாற்றினால் விதியும் மாறிவிடும் என்பது அந்தப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் தெரியும், வெளியே யாருக்கும் சொல்ல மாட்டோம். 'படுக்கையறை' என்பதை அழித்துவிட்டுப் 'பொருள் வைப்பறை' என்று எழுதினேன். பொருளுக்குக் காற்று வேண்டாம். ஜன்னல் இருந்த இடத்தில் உயரத்தில் ஒரு சிறிய துவாரம் போதும் என்று ஆயிற்று. வரைபடம் ஒரு கேள்வியும் இல்லாமல் அனுமதியாகி வந்தது. அந்த நகலை மேசைமேல் வைத்திருந்தேன். அக்கா அதைப் படித்தாள் என்பது எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியைத் தாளின் மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வேலை நடந்த பத்து மாதமும் அடுத்த தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பால்காய்ச்சு அன்று விடியற்காலையில் முதல் ஆளாய் வந்து அடுப்பு மூட்டியது அக்காதான். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டாள், பாயசம் விளம்பினாள். மத்தியானம் சாமான்களை ஏற்றிவர வண்டி போனபோது அவளும் கூடப் போனாள். வண்டி திரும்பி வந்தது. அவள் வரவில்லை. கட்டிலும் வரவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். வாடகை வீட்டின் முன்னறையைத் தனக்கு மட்டும் கேட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் முன்பே பேசி முடித்திருந்தாள். கட்டில் கிடந்தது, ஜன்னலோரம் மெஷின். அவள் ஏதோ ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு என்ன சொல்லும் அக்கா?"

"ஊருக்கு நீ வரைபடத்தைக் காட்டு" என்றாள், மெஷினை நிறுத்தாமல். "பொருளு வைக்க எடத்துல மனுசி கெடந்தா சட்டத்துக்கு ஆகாதுல்லா. உனக்குத் தெரியாத சட்டமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். மாணவிக்குப் பாடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் வந்துவிட்டேன். வற்புறுத்தி அழைத்து வந்திருக்கலாம். எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து மூன்றடி முன்னே தள்ளிக் கட்டியிருக்கலாம், வீட்டின் சுற்றளவு அதனால் விரற்கடைகூட மாறாது, ஒரு வாரத்து வேலை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். மூன்று வருஷம் அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மீன் வாங்காத எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்ன விசேஷமாகச் சமைத்தார்களோ அதைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போவேன். அவள் வாங்கி வைத்துவிட்டு, "உன் இளமை எப்படி இருக்கு?" என்று வீட்டைப் பற்றி விசாரிப்பாள்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், பால் பாத்திரம் எடுக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். தூக்கத்திலேயே போயிருந்தாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "தம்பிக்கு சொந்த வீடு இருக்கச்சில வாடகை வீட்டுல வச்சு எடுக்கது மொறையில்லல்லா சார்." முறையில்லைதான். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சோபாவையும் டிவி மேசையையும் ஒதுக்கி ஹாலில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினோம். சுற்றி முப்பது பெண்கள் உட்கார்ந்தும் நடக்க வழி இருந்தது. ஒரு சித்தப்பா சுவரையெல்லாம் பார்த்துவிட்டு, "நல்ல விசாலமாத்தான் கெட்டியிருக்கே" என்றார்.

காடேற்றுச் சடங்கு முடிந்த மறுநாள் வாடகை அறையைக் காலி செய்து சாமான்கள் வந்தன. மெஷினை இறக்கி ஹாலில் வைத்தார்கள். வண்டிக்காரர் கட்டிலின் ஒரு தலையைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க சார்?" என்று கேட்டார். நான் பின்னறையைக் காட்டினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே அரிசி டிரம்மும் பழைய பீரோவும் தேங்காயும் கிடந்தன. "நுழையாது சார்" என்றார். என் மனைவி வாசல்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள், அவளிடமிருந்தும் இந்த முறை யோசனை எதுவும் வரவில்லை. காரைத் தெருவுக்கு எடுத்துவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் கட்டிலைப் போடச் சொன்னேன்.

இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. தெருவில் நிற்கிற காரின் மேல் பக்கத்து வீட்டு வேம்பு இலையும் காக்கை எச்சமுமாக விழுகின்றன. கார் ஏன் வெளியே நிற்கிறது என்று யாராவது கேட்டால், ஷெட்டுக்குள் திருப்பி ஏற்றுவது சிரமம் என்கிறேன். கட்டிலை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். கொடுக்கவில்லை. சில நாள் சாயங்காலம் அதன் விளிம்பில் போய் உட்காருகிறேன். அங்கே நல்ல காற்று வருகிறது.